பொதுவில் வைத்ததைக் காப்பது யார் கடன்?

திறந்த வலை என்பது, எவரும் யாரிடமும் அனுமதி கேளாமல் படிக்கவும், எழுதவும், பிறர் எழுதியதைச் சுட்டி இணைக்கவும் இடம்தரும் இணையப் பகுதி. வாயிலில் காவல் இல்லை; நுழைவுக் கட்டணம் இல்லை; வருபவரின் பெயரையும் ஊரையும் அது கேட்பதில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த வலை, 1993 ஏப்ரல் 30 அன்று உலகுக்குப் பொதுவாயிற்று. அன்று வெளியிட்ட ஓர் ஆவணத்தில், வலையின் மென்பொருள் மீது தனக்கிருந்த அறிவுசார் உரிமைகளைச் செர்ன் துறந்தது. அதே ஆண்டு, அப்போது வலைக்குப் போட்டியாக நன்கு பரவியிருந்த கோஃபர் என்னும் அமைப்பின் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் வாங்கப்போவதாக மினசோட்டா பல்கலைக்கழகம் அறிவித்தது. சில ஆண்டுகளில் கோஃபர் வழக்கொழிந்தது, வலை நிலைத்தது.

துறக்கப்பட்ட பொருளுக்கு உடையவர் யார்? உடையவர் இல்லையென்றால், அது அழியும்போது கடமை தவறியவர் யார்? எல்லார்க்கும் என்று வைத்தது தகுதியில்லாதவர் கைக்கும் போகுமே, அது அறமாகுமா? குளம், சத்திரம், கோயில் விளக்கு, மறைநூல் ஆகியவற்றை முன்னிட்டு இந்தியச் சமய மரபு நெடுங்காலமாகக் கேட்டுவந்த கேள்விகள் இவை. அந்த மரபு தந்த விடைகளில் இன்றைக்கு மிகவும் வேண்டியது ஒன்று: கொடுத்தவருக்கு நிகராகக் காப்பவரையும் அது அறத்தில் சேர்த்தது.

தானமும் உத்சர்க்கமும்

தர்மசாஸ்திர நூல்கள் நற்செயல்களை இரண்டாக வகுக்கின்றன. வேள்வி முதலிய சடங்குகள் இஷ்டம். கிணறு, குளம், தோப்பு, சத்திரம், கோயில் போன்ற பொதுப்பணிகள் பூர்த்தம். பூர்த்தத்தை நிறைவேற்றும் முறை தானத்திலிருந்து வேறானது. தானத்தில் கொடுப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர். ஏற்றதும் உரிமை கைமாறுகிறது. குளம் வெட்டியவரோ அதை எவர் கையிலும் கொடுப்பதில்லை. அனைத்துயிர்க்கும் பயன்படட்டும் என்று சொல்லித் தம் உரிமையை விட்டுவிடுகிறார். இதற்கு உத்சர்க்கம் என்று பெயர். ஏற்பவர் என்று தனியே ஒருவர் இல்லாததால், வெட்டியவரும் பொதுமக்களுள் ஒருவராக நின்று அந்த நீரைப் பயன்படுத்தலாம் என்றும் உரைகாரர்கள் கொண்டனர். செர்ன் செய்தது வடிவத்தில் ஓர் உத்சர்க்கம். வலையை உருவாக்கியவருக்கும் அதில் முதல்முறை நுழையும் பள்ளி மாணவருக்கும் அதன் மீதுள்ள உரிமை ஒன்றே.

நூலும் இந்த வரிசையில் இடம்பெற்றது. தெலுங்கு நாட்டு மரபில் ஒருவர் தமக்குப்பின் விட்டுச்செல்லத்தக்க ஏழு சந்தானங்களாக மகன், புதையல், கோயில், சோலை, குளம், காவியம், கொடையூர் ஆகியவை எண்ணப்பட்டன. குளமும் காவியமும் அருகருகே வைக்கப்பட்டதன் கருத்து தெளிவானது. இரண்டும் ஒருவரால் ஆக்கப்பட்டுப் பலரால் துய்க்கப்படுபவை. ஆக்கியவர் மறைந்தபின்னும் நிற்கவேண்டியவை.

திருவள்ளூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் சாலையில் ஆந்திர எல்லைக்கு அருகிலுள்ள கனகம்மாசத்திரம், இத்தகைய பூர்த்தம் ஒன்றின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்டது. திருத்தணி முருகனையும் திருமலை வேங்கடவனையும் காண நடந்துபோனவர்கள் தங்கி, உண்டு, இளைப்பாறச் சாலையோரச் சத்திரங்கள் உதவின. இந்த அறம் பல இடங்களில் சோற்றோடு நிற்கவில்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரத்தில் உணவோடு கல்வியும் மருத்துவமும் சேர்ந்திருந்தன.

ஆயினும் ‘எல்லார்க்கும்’ என்ற சொல் நடைமுறையில் எப்போதும் எல்லாரையும் குறித்ததில்லை. பல சத்திரங்களில் பந்தி சாதிவாரியாகப் பிரிந்தது. சில, ஒரு வகுப்பாருக்கே சோறிட்டன. ஆகவே பொதுக்கொடை பற்றிய விவாதத்தில், யாருக்குத் திறப்பது என்பதே முதற்கேள்வியாக வந்து நின்றது.

தகுதி பார்த்தலும் பாராமையும்

அறிவைப் பொறுத்தவரை இந்தியச் சமயங்கள் பெரும்பாலும் அதிகாரபேதம் பேசியவை. கேட்பவரின் பிறப்பு, தீட்சை, பக்குவம் ஆகியவற்றைப் பார்த்தே மந்திரமும் மறைப்பொருளும் சொல்லப்பட்டன. இதற்கு அவை கூறிய காரணங்களுள் ஒன்று எளிதில் தள்ளக்கூடியதன்று: பக்குவமில்லாதவரிடம் சேர்ந்த அறிவு, பெற்றவரையும் கெடுக்கும், அறிவையும் கெடுக்கும். இன்று வலையில் பரவும் பொய்ச்செய்தியையும் அரைகுறை மருத்துவக் குறிப்பையும் வெறுப்புப் பேச்சையும் காண்பவருக்கு இந்த வாதம் பழமையாகத் தோன்றாது.

மறுதரப்பின் வாதமும் மரபுக்குள்ளேயே எழுந்தது. திருக்கோட்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து மறைப்பொருளைப் பெற்ற இராமானுசர், அதைக் கோயிலின் மேல்தளத்தில் ஏறி நின்று ஊரறியச் சொன்னார் என்கிறது வைணவ குருபரம்பரைக் கதை. வெளியே சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கைக்கு, பலர் உய்வதற்காகத் தாம் ஒருவர் நரகம் புகலாம் என்பதே அவர் விடை. அவர் தகுதியை முற்றிலும் மறுத்தார் என்று சொல்ல முடியாது. விருப்பமே தகுதி என்று அதை மாற்றி அமைத்தார். திறந்த வலையின் வாயிலிலும் இந்த ஒரு தகுதிதான் கேட்கப்படுகிறது.

பூட்டி வைத்தால் அறிவு பத்திரமாக இருக்கும் என்ற நம்பிக்கையைச் சைவ மரபின் கதை ஒன்று கேள்விக்குள்ளாக்குகிறது. தேவார ஓலைகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டிக்கிடந்தன என்றும், பாடிய மூவரும் வந்தாலன்றிக் கதவு திறக்காது என்று சொல்லப்பட்டபோது சோழ மன்னன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து திறப்பித்தான் என்றும், உள்ளே பெரும்பகுதி ஓலைகளைக் கரையான் அரித்திருந்தது என்றும் திருமுறை கண்ட வரலாறு கூறுகிறது. எஞ்சியதைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி. ஓதுவார் தொடர்பு அற்றுப்போன ஏட்டைப் பூட்டால் காக்க முடியவில்லை என்பது இக்கதையின் பொருள்.

19ஆம் நூற்றாண்டில் இந்த விவாதத்தைச் செயலால் நகர்த்தியவர் இராமலிங்க அடிகள். இளமையில் சென்னையில் வாழ்ந்தபோது திருத்தணி முருகனைப் பாடித் தொடங்கிய அவர், 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்தார். அங்கே சாதியும் சமயமும் கேட்கப்படவில்லை. பசியே போதிய தகுதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அவருடைய பாடல்களின் வழி வேறாக இருந்தது. திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன; சமய சாத்திரச் சார்புகளைக் கடந்து பேசும் ஆறாம் திருமுறை அவர் மறைந்த பிறகு 1885இல்தான் அச்சேறியது. சோற்றை உடனே பொதுவாக்க முடிந்தது. சொல்லைப் பொதுவாக்க மேலும் 18 ஆண்டுகள் ஆயின.

சோற்றுக்கும் சொல்லுக்கும் உள்ள இந்த வேறுபாடு உண்மையானது. சோறு உண்டவரோடு முடிந்துவிடும்; சொல் கேட்டவரிடமிருந்து மேலும் பரவும். ஆதலால் திறந்த வலையில் பொறுப்பு மறைவதில்லை, இடம் மாறுகிறது. முன்பு வாயில் காப்பவர் சுமந்த பொறுப்பில் ஒரு பகுதி எழுதுபவரிடமும் மற்றொரு பகுதி படிப்பவரிடமும் சேர்கிறது. ஒரு கூற்றின் மூலத்தை நோக்கி இணைப்பு கொடுக்கும் வசதி, படிப்பவர் தாமே சரிபார்க்க வழிசெய்கிறது. மூடிய ஏற்பாட்டில் பொய் புகுந்தால், அதைச் சரிபார்க்கும் வழியும் உடன் மூடப்பட்டிருக்கும்.

தமிழில் திறந்த வலை

தமிழில் உத்சர்க்கத்துக்கு அரசே முன்னின்ற நிகழ்வு வலைக்கு முன்பே உண்டு. சுப்பிரமணிய பாரதியின் எழுத்துகள் மீதான உரிமை தனியார் கைகளில் இருந்தது. அவருடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. மக்கள் கோரிக்கை வலுத்ததால் 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றது. 1950களின் நடுவில் அவை பொதுமக்களுக்கு உரியவையாக்கப்பட்டன. பின்னர் பல எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியதற்கு இதுவே முன்மாதிரி. வலை வந்தபோது இந்நூல்களை எவரும் தயக்கமின்றி ஏற்ற முடிந்தது.

வலையில் தமிழை ஏற்றியவர்களும் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்களே. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை வலைக்குக் கொண்டுவந்த முன்னோடி. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சங்க நூல்கள் முதல் தற்கால நூல்கள் வரை தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்தார்கள். முகப்புக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் கோப்பை யாரும் படியெடுத்துப் பரப்பலாம் என்பது அவர்களின் விதி. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. ஈழத்து எழுத்துகளைத் தொகுக்கும் நூலகம் திட்டம் 2005இல் பிறந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்த சமூகத்தின் முயற்சி அது. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் அறிவு ஓர் இரவில் போய்விடும் என்பதை அந்த இழப்பு காட்டியிருந்தது.

இவற்றின் மதிப்பு, படிக்கக் கிடைக்கும் நூல்களின் எண்ணிக்கையோடு முடிவதில்லை. பெரிய நூலகம் இல்லாத ஊரில் இருப்பவர், வேறு நாட்டில் பிறந்து வளர்ந்த தமிழர், திரை வாசிப்பான் கொண்டு கேட்டுப் படிக்கும் பார்வையற்றவர், சொல்லாய்வு செய்யும் மாணவர் ஆகிய அனைவரும் ஒரே பாடத்தின் முன் ஒரே நிலையில் நிற்கிறார்கள். பரிந்துரைக் கடிதமும் உறுப்பினர் அட்டையும் அங்கே தேவைப்படுவதில்லை.

செம்பு, ஓலை, மின்னெழுத்து

1977இல் திருத்தணிக்கு அருகே வேலஞ்சேரியில் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் மண்ணிலிருந்து வெளிவந்தன. ஒன்று பல்லவன் அபராசிதனுடையது. மற்றொன்று சோழன் முதலாம் பராந்தகனுடையது. அபராசிதனின் ஏடு திருத்தணி முருகன் கோயிலுக்கு அளித்த கொடையைக் குறிக்கிறது. நெடுங்காலம் அவற்றைப் பார்க்க ஆளில்லை, படிக்க ஆளில்லை, இருந்தும் எழுத்து அழியவில்லை. செம்பு மறதியைத் தாங்கும்.

ஓலை அப்படித் தாங்காது. பூச்சியும் ஈரமும் அதை அரிக்கும். சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும். பெயர்த்தெழுத ஆளில்லாத நூல் மறைந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டது முதல் ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்ததற்கு, ஓலையின் இந்த இயல்பே காரணம்.

மின்னெழுத்து ஓலையைவிடவும் பொறுமை குறைந்தது. ஒரு வலைத்தளம் நிற்க முகவரிப் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும், வழங்கிக் கணினிக்கு வாடகை தரவேண்டும், மென்பொருளைப் புதுப்பிக்கவேண்டும். நடத்தியவர் நோயுற்றாலோ இறந்தாலோ, அடுத்த கட்டணத் தவணையோடு தளமும் மறைந்துவிடலாம். பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. பக்கம் இருந்தும் படிக்கமுடியாமல் போவதும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் தமிழ்த் தளங்கள் டிஸ்கி, டாப், டாம் எனப் பல குறியேற்றங்களிலும், தனித்தனி எழுத்துருக்களிலும் எழுதப்பட்டன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். மதுரைத் திட்டம் தன் கோப்புகளை டிஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியது. மாற்றுவதற்கு ஆளில்லாத தளங்கள் பழைய குறியேற்றத்தோடு நின்றுவிட்டன.

இரண்டாவது ஆபத்து வழி மாறுவதால் வருவது. 1856இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் ஓடியது. பின்னர் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்கு அமைந்த பாதை திருத்தணி வழியாகச் சென்றது. பயணம் நாள்கணக்கிலிருந்து மணிக்கணக்காகக் குறைந்தபோது, நடைவழிச் சத்திரங்களுக்கு இருந்த தேவையும் குறைந்தது. வலையிலும் எழுதுபவரும் படிப்பவரும் தனித்தளங்களை விட்டுச் சில பெருநிறுவனங்களின் செயலிகளுக்குள் சென்றார்கள். அங்கே எழுதுவது எளிது. ஆனால் இடம் நிறுவனத்துடையது. ஜியோசிட்டிஸ் 2009இலும் ஆர்குட் 2014இலும் கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டபோது, அவற்றில் எழுதியவர்களுக்கு நிலவுரிமை ஏதும் இல்லை என்பது வெளிப்பட்டது.

மூன்றாவது ஆபத்து, பயனை எடுத்துக்கொண்டு மூலத்தை வறளவிடுவது. திறந்த வலையின் எழுத்தை இயந்திரங்கள் படித்து விடையாகத் தருகின்றன. விடை கிடைத்தவர் மூலப் பக்கத்துக்கு வருவதில்லை. வருகை குறைந்த தளங்கள் ஊக்கம் இழக்கின்றன. சில, வாயிலை மூடுகின்றன. உத்சர்க்கக் கொள்கையின்படி நீர் எடுப்பவர் யாராயினும் குற்றமில்லை. கரையை உடைப்பது குற்றம், தர்மசாஸ்திரங்கள் அதற்குக் கடுந்தண்டனை விதித்தன. எடுத்தல் எங்கே உடைத்தலாக மாறுகிறது என்பதே இன்றைய வழக்குகளிலும் சட்ட விவாதங்களிலும் தீர்க்கப்படாமல் இருப்பது.

காப்பவரின் இடம்

பழைய கொடையாளர்கள் இந்த நொய்ம்மையை அறிந்திருந்தார்கள். கல்வெட்டுகள் கொடை சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்கட்டும் என்று சொல்வதோடு முடிவதில்லை. இந்த அறத்தை வருங்காலத்தில் காப்பவரின் பாதம் தம் தலைமேல் இருக்கட்டும் என்று கொடையாளரே, மன்னராயினும், பணிந்து வேண்டுகிறார்கள். காப்பவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. இன்னும் பிறக்காதவராகவும் இருக்கலாம். இடிந்த கிணற்றையும் கோயிலையும் புதுப்பித்தவர் முதலில் கட்டியவருக்கு ஒப்பான பயன் பெறுவார் என்று விஷ்ணு தர்மசூத்திரமும் கூறுகிறது. ஆக்கியவர், துய்ப்பவர், காப்பவர் என்ற மூவரில் கடைசியானவரையும் இவ்வாறு முதலாமவரோடு ஒரே வரிசையில் வைத்தது மரபு.

பணிவுரையோடு அவர்கள் நிற்கவில்லை, ஏற்பாடும் செய்தார்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரியப் பெரும்பாலும் 96 ஆடுகள் ஒப்படைக்கப்பட்டன. இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும். அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. ஆடு சாகும், மூக்கும். ஈன்ற குட்டியால் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது இடையரின் கடன். பேராட்டின் அழியாமை, பராமரிப்பால் வந்தது. ஏரிகளுக்கும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. வேலஞ்சேரிச் செப்பேட்டை வெளியிட்ட அதே பராந்தகனின் காலத்தில், ஏறத்தாழ 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதிகளையும், கணக்குக் காட்டாதவர்களை விலக்கும் விதியையும் விரிவாகத் தருகின்றன.

காவலரைக் கண்காணிப்பதும் இதில் அடங்கும். கோயில், சத்திரம், பாலம் முதலியவற்றுக்கு விடப்பட்ட நிலங்களின் வருவாய் கொடையாளரின் கருத்துக்கு மாறாகச் செலவாகிறது என்பதையும், கட்டடங்கள் பழுதாகின்றன என்பதையும் காரணம் காட்டி, 1817இல் சென்னை மாகாண அரசு 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, மேற்பார்வையை வருவாய் வாரியத்திடம் ஒப்படைத்தது. பொதுச்சொத்து அழிவது வெளியார் கையால் மட்டுமன்று. காக்க அமர்ந்தவர் கையாலும் நேரும்.

திறந்த வலையில் ஆக்குவோரும் துய்ப்போரும் கோடிக்கணக்கில் உள்ளனர். காப்போர் மிகச் சிலர். புரூஸ்டர் கேல் 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இணைய ஆவணகம், மறைந்த பக்கங்களின் படிகளைச் சேர்த்து வைக்கும் முதன்மைக் காவலர். அது 2024இல், பதிப்பகங்கள் தொடுத்த வழக்கின் மேல்முறையீட்டில் தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில் இணையத் தாக்குதலால் சில நாள் முடங்கியது. உலகின் நினைவு ஒரே காவலரை நம்பியிருப்பது நல்ல ஏற்பாடன்று. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உருவான லாக்ஸ் திட்டம், ஒவ்வொரு நூலகமும் தனக்கென ஒரு படி வைத்துக்கொண்டு, பிற நூலகப் படிகளோடு ஒப்பிட்டுப் பழுதைத் திருத்தும் முறையைக் கையாள்கிறது. சாவா மூவாப் பேராட்டின் தத்துவமும் இதுவே: ஒன்று போனால் மற்றொன்றிலிருந்து நிரப்புவது.

நிலையாமையும் தேர்வும்

எல்லாம் அழியும் என்னும்போது காப்பதில் ஏன் பற்று வைக்கவேண்டும் என்ற கேள்வி எஞ்சுகிறது. திருக்குறளில் நிலையாமை 34ஆம் அதிகாரம், துறவறத்தின் பகுதி. செல்வம் நில்லாதது என்று அறிந்தவர், அது கையில் இருக்கும்போதே நிற்கத்தக்க அறங்களைச் செய்துவிடவேண்டும் என்பது அங்கே கிடைக்கும் முடிவு. நிலையாமை செயலின்மைக்குக் காரணமாக அங்கே காட்டப்படவில்லை. விரைவுக்குக் காரணமாகக் காட்டப்படுகிறது.

அனைத்தையும் காப்பதும் அறமாகாது. ஒருவர் அறியாப் பருவத்தில் எழுதியதும், பிறர் அவரைப் பற்றி எழுதிய அந்தரங்கமும் என்றென்றும் நிற்பது கொடுமை. உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவை அழிக்கக் கோரும் உரிமையை ஏற்கிறது. இங்கே உத்சர்க்கக் கொள்கை எல்லையை வகுக்க உதவுகிறது. பொதுவுக்கென்று மனமறிந்து விடப்பட்டதே பொதுச்சொத்து; விடப்படாததைத் திறந்துவைப்பது கொடையில் சேராது.

இந்த எல்லைக்குள் கடமைகள் தெளிவானவை. ஆக்குபவர், எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய வடிவத்தில், ஒருங்குறியில் எழுதி, படியெடுக்கும் அனுமதியை வெளிப்படையாகத் தரவேண்டும்; தமக்குப்பின் தளத்தை ஏற்பவர் யாரென்று உயிரோடிருக்கும்போதே முடிவு செய்யவேண்டும். படிப்பவர், பயன்பட்ட நூலின் படி ஒன்றைத் தம்மிடமும் வைத்திருப்பதோடு, இயன்ற பொருளையோ உழைப்பையோ தரவேண்டும். நூலகங்கள், பல்கலைக்கழகங்கள், திருமடங்கள், கோயில் அறக்கட்டளைகள் போன்ற நெடுங்கால நிறுவனங்கள், ஓலையையும் அச்சையும் காத்ததுபோல் வலையின் படிகளையும் பகிர்ந்து வைத்துக்கொள்ளலாம். அரசு, நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கு உரிமைத்தொகை தருவதோடு, அவற்றின் மின்படிகள் நிலைத்திருக்கவும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கலாம். உரிமையைத் துறப்பது ஒரு நாளில் முடிகிற செயல். துறந்ததைத் திறந்த நிலையிலேயே வைத்திருப்பது, பயன்பெறும் ஒவ்வொரு தலைமுறையும் தன் முறை வரும்போது ஏற்கவேண்டிய கடன்.